'பாஸே' என்றால் பாஸ் இல்லை: மாட்டிக்கொண்டவர்கள் வந்து சொல்லுங்கள்

கோப்பைகழுவி
பிரெஞ்சில் 'பாஸே' என்ற வினைச்சொல்லிடம் மாட்டாத தமிழர் இருக்க முடியாது என்பது என் கணிப்பு. நமக்கு ஏற்கெனவே சோதனை பாஸ், பஸ் பாஸ் என்று ஒரு 'பாஸ்' இருக்கிறதே, வில்லங்கமே அதுதான்.

பாரிஸுக்கு வந்த புதிதில் ஒரு உணவகத்தில் கோப்பை கழுவினேன். கூட வேலை செய்த பிரெஞ்சுப் பெடியன் ஒரு நாள் வந்து 'ஜே பாஸே மோன் பெர்மி' என்றான். லைசென்ஸ் கிடைத்துவிட்டது என்று நினைத்து, கையைப் பிடித்துக் குலுக்கி, குசினி முழுக்கக் கேட்கிற மாதிரி வாழ்த்தும் சொல்லிவிட்டேன். அவன் முகம் கறுத்துப்போனது. சோதனைக்குப் போனேன் என்றுதான் சொல்லியிருக்கிறான், அவ்வளவுதான். வட்டச்சந்தியில் வழிவிடாமல் நுழைந்து, பரிசோதகரே பிரேக் அடித்திருக்கிறார், ரிசல்ட் வரும் முன்னமே அவனுக்கு முடிவு தெரியும். கிடைத்திருந்தால் 'ஜே யூ மோன் பெர்மி' என்றிருப்பான்.

அதே குசினியில் இன்னொன்று. செஃப் கத்தினார்: 'பாஸ் லா சோஸ் ஓ ஷினுவா!' ஷினுவா என்றால் சீனாக்காரர். சட்டி கழுவும் இடத்தில் ஒரு சீன அண்ணையும் நின்றார். கொதிக்கக் கொதிக்கச் சோஸைத் தூக்கிக்கொண்டுபோய் அவரிடம் நீட்டினேன். அவர் என்னைப் பார்க்கிறார், நான் அவரைப் பார்க்கிறேன். கூம்பு மாதிரி இருக்கும் வடிகட்டிக்குத்தான் அங்கே ஷினுவா என்று பெயர், சீனத் தொப்பியின் வடிவமாம். பாஸே என்றால் வடிகட்டுவதும்தான்.

மூன்றுபிள்ளைஅம்மா
தம்பி, நீங்கள் குசினிக்குள் மட்டும்தானே வாழ்த்தினீர்கள். என் மகன் பள்ளி இறுதிப் பரீட்சையான பாக் முடிந்து வந்து 'பாஸே' என்றதும் நான் யாழ்ப்பாணத்துக்கே போன் அடித்துவிட்டேன். மாமி கோயிலில் அர்ச்சனையும் செய்துவிட்டா. ஜூலையில் ரிசல்ட் வந்தால் 20க்கு 9.4. எட்டுக்குக் குறையாமல் பத்துக்குக் கீழே என்றால் 'ரத்ரபாஜ்' என்று வாய்மொழிப் பரீட்சை வைப்பார்கள், அதில் ஒருவழியாகத் தப்பினான். அர்ச்சனை முன்பணம் கட்டின மாதிரி ஆகிவிட்டது.

புதுவை வாத்தியார்
புதுச்சேரியில் டியூஷன் எடுக்கிறேன். என் பிள்ளைகள் முட்டிக்கொள்வது வேறு இடத்தில். இறந்தகாலத்தில் இந்தச் சொல் சில நேரம் 'எத்ர்' (இருத்தல்) துணைவினையோடு வரும், சில நேரம் 'அவ்வார்' (உடைத்தாயிருத்தல்) துணைவினையோடு. விதியாகச் சொன்னால் கொட்டாவி விடுகிறார்கள். அப்புறம் ஒரு நாள் நம்முடைய போதல், போக்குதல் ஞாபகம் வந்தது. லியோன் வழியாகப் போனேன் என்றால் 'ஜ சுய் பாஸே'. லியோனில் இரண்டு மாதம் போக்கினேன் என்றால் 'ஜே பாஸே'. எதைப் போக்கினாய் என்று கேட்டால் பதில் இருக்கிறதா, அப்போது அவ்வார். தன்வினை பிறவினை படித்த பிள்ளைகள் டக்கென்று பிடித்துக்கொண்டார்கள். பிரெஞ்சில் பொழுதுபோக்குக்குச் சொல்லே 'பாஸ்-தாம்', பொழுது என்பதையும் போக்கு என்பதையும் இடம் மாற்றி ஒட்டிய மாதிரி இருக்கும். இதைப் பார்த்த அன்று எனக்கே குஷியாகிவிட்டது.

இரவுவேலை
வாத்தியார் சொன்ன 'போ' இன்னும் தூரம் போகும் சார். முதியோர் இல்லத்தில் இரவு வேலை எனக்கு. ஒரு தாத்தாவின் மகள் 'இல் அ ஃபாயி இ பாஸே' என்று அழுதுகொண்டே சொன்னார். அவர் எங்கேயோ போக இருந்தார், முடியவில்லை போல என்று நினைத்து, 'பரவாயில்லை, அடுத்த வாரம் போகலாம்' என்று ஆறுதல் சொன்னேன். சாகக் கிடந்து பிழைத்தார் என்று அர்த்தம். நாமும் 'அவர் போயிட்டார்' என்றுதானே சொல்கிறோம், எனக்குத்தான் அந்த நேரம் உறைக்கவில்லை. அந்த அம்மா கண்ணீரோடு சிரித்ததால் தப்பித்தேன்.

டாக்டரிடம் பட்டது தனிக்கதை. சர்க்கரை கூடியிருக்கிறது, இனி 'வூ பாஸே த சூக்ர்' என்று ஏதோ சொன்னார். சாப்பாட்டு மேசையில் உப்பை 'பாஸே' பண்ணச் சொல்வார்களே, அந்த நினைப்பில் தலையாட்டிவிட்டு வந்துவிட்டேன். முன்னால் ஒரு 'ஸ' (எதிரில் இருப்பவரிடம் சொன்னால் அதுவே 'வூ'), பின்னால் ஒரு 'த' சேர்ந்தால் அது இல்லாமல் இருப்பது என்று மகள் சொல்லித்தான் தெரியும். அதற்குள் அரைக் கிலோ தொதல் முடிந்திருந்தது.

புதுவை வாத்தியார்
அந்த 'த' இல்லாமல் 'ஸ பாஸே' மட்டும் வந்தால் நடப்பது, நிகழ்வது. என்ன நடக்கிறது என்று கேட்கப் பயன்படும்.

கோப்பைகழுவி
செஃப் எனக்குச் 'சவோன் பாஸே' பண்ணியதும் நடந்ததுதான். சவோன் என்றால் சவுக்காரம், ஆனால் சவுக்காரம் எல்லாம் தரவில்லை, நல்ல ஏச்சு.

மூன்றுபிள்ளைஅம்மா
அது கிடக்கட்டும், அந்தப் பெடியனுக்கு லைசென்ஸ் கிடைத்ததா இல்லையா?

கோப்பைகழுவி
அதிலும் ஒரு கூத்து அக்கா. 'மார்ச்சில் ரபாஸே' என்றான். ரபாஸே என்றால் உடுப்பு அயன் பண்ணுவது என்று மட்டும்தான் எனக்குத் தெரியும், மார்ச் வரைக்கும் எதற்குக் காத்திருக்கிறான் என்று யோசித்தேன். திரும்பச் சோதனைக்குப் போவதும் அதே சொல்தானாம். அந்த முறையும் போச்சு. மூன்றாவதில் கிடைத்தது, ஓடிவந்து 'ஜ லே! ஜ லே!' என்று கத்தினான். நான் பேப்பரைக் காட்டு என்றேன், பார்த்த பிறகுதான் கை கொடுத்தேன்.