கட்லா மீனைப் படம் எடுத்துவிட்டு உயிரோடு விட, கையில் எப்படிப் பிடிப்பது?

கேள்வி: அஞ்சு கிலோ கட்லா. தூக்கினதும் துள்ளி விழுது, செதில் உதிருது. எப்படிப் பிடிக்கணும்?

பதில் 1: கேமரா தயாராகும்வரை மீன் வலையோடு தண்ணீரிலேயே இருக்கட்டும். கையை நனைச்சுக்குங்க. காய்ந்த கை பட்டா மேல் வழவழப்பு உரிஞ்சு, அந்த இடத்துல பூஞ்சை பிடிக்கலாம். ஈரப் பாய்மேல் முட்டி போட்டு, ஒரு கையை மார்புத் துடுப்புகளுக்கு நடுவே, இன்னொன்றை வாலடியில் கொடுத்துத் தாங்குங்க. ஒரு சாணுக்கு மேல் தூக்கவே வேண்டாம். துள்ளினா இறுக்காம, உடம்போடு அணைச்சுப் பாயில இறக்கிடுங்க.

பதில் 2: செவுளுக்குள் விரல் போகவே கூடாது, கிழிஞ்சா ரத்தம் நிற்காது. வெயில்ல காய்ஞ்ச பாறையிலும் கிடத்தாதீங்க. தண்ணீருக்கு வெளியே ஒரு தடவைக்கு 15 விநாடி போதும்.

பதில் 3: விடும்போது தண்ணீருக்குள் நிமிர்த்திப் பிடிங்க. செவுள் சீரா அசைஞ்சு, தானா வாலை உதறினதும் கையை எடுங்க.