மிஸ்டி ஸ்டெப்பைத் தடுத்த கவுண்டர்ஸ்பெல்லுக்கு நாமே கவுண்டர்ஸ்பெல் போடலாமா?

பகடை20:
டி அண்ட் டி (டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற கதாபாத்திர விளையாட்டு) 5ஆம் பதிப்பு. 5ஆம் லெவல் விசார்ட் (மந்திரவாதி), இன்டெலிஜென்ஸ் (அறிவுத்திறன்) 18. தன் டர்னில் (அவர் முறையில்), முக்கியச் செயல் போகக் கிடைக்கும் சிறு கூடுதல் செயலான போனஸ் ஆக்‌ஷனாக மிஸ்டி ஸ்டெப் (சட்டென வேறிடம் தாவும் மந்திரம்) போடுகிறார். 40 அடி தள்ளி நிற்கும் எதிரி மந்திரவாதி கவுண்டர்ஸ்பெல் (பிறர் போடும் மந்திரத்தைத் தடுக்கும் மந்திரம்) போட்டுவிட்டான். விசார்டிடம் பிறர் செயலில் உடனே குறுக்கிட உதவும் ரியாக்‌ஷனும் இருக்கிறது, 3ஆம் லெவல் ஸ்லாட்டும் (மந்திரம் போடச் செலவழிக்கும் வாய்ப்பு) இருக்கிறது. அதே டர்னில் எதிரியின் கவுண்டர்ஸ்பெல்லை வெட்டலாமா? 2014, 2024 இரண்டு விதிநூலுக்கும் பதில் வேண்டும்.

மாயக்கோல்:
2014 விதிப்படி முடியாது. போனஸ் ஆக்‌ஷனில் ஒரு மந்திரம் போட்டாலே, அந்த டர்ன் முடியும்வரை ஒரு ஆக்‌ஷன் பிடிக்கும் கேன்ட்ரிப் (ஸ்லாட் தேவைப்படாத எளிய மந்திரம்) தவிர வேறு எதுவும் போடக்கூடாது. ரியாக்‌ஷனுக்கும் விலக்கு இல்லை. ஸ்லாட் மிச்சம் இருப்பதால் பயனில்லை.

ஃபயர்பால் (தீக்குண்டு மந்திரம்) என்றால் கதை வேறு. அது ஆக்‌ஷன், அதனால் எதிரி தடுத்தால் தாராளமாகத் திருப்பித் தடுக்கலாம். அவன் 3ஆம் லெவல் ஸ்லாட்டில் போட்டிருந்தால் உங்களுடையது தானாகவே வெல்லும். 4ஆம் லெவல் என்றால் டிசி (எட்டவேண்டிய எண்) 14, நீங்கள் உருட்டுவது டி20 (20 முகப் பகடை) + இன்டெலிஜென்ஸ் 18 தரும் 4 (லெவலால் வரும் ப்ரொஃபிஷியன்ஸி போனஸ் சேராது), அதாவது 10 விழுந்தால் போதும். ஆனால் 5ஆம் லெவலில் 3ஆம் லெவல் ஸ்லாட் இரண்டே இரண்டு. இரண்டும் ஒரே டர்னில் காலி, அடுத்த டர்ன்வரை ஷீல்டு (தற்காப்பு மந்திரம்) போட ரியாக்‌ஷனும் கிடையாது.

விதிப்புத்தகம்:
2024-இல் அந்த போனஸ் ஆக்‌ஷன் விதி போய்விட்டது. ஒரு டர்னில் ஸ்லாட் செலவழித்து ஒரே ஒரு மந்திரம், அவ்வளவுதான். ஆக ஃபயர்பாலுக்கும் திருப்பித் தடுக்க முடியாது. அதே மிஸ்டி ஸ்டெப்பை ஃபே டச்டு ஃபீட் (கதாபாத்திரம் பெறும் சிறப்புத் திறன்) தரும் இலவசத்தில் போட்டிருந்தால் ஸ்லாட் கணக்கே இல்லை, கவுண்டர்ஸ்பெல் போடலாம். எதிரி உங்கள் டிசி 15-க்குக் கான்ஸ்டிட்யூஷன் சேவ் (உடல் உறுதிக்கான தற்காப்புப் பகடை) உருட்டவேண்டும்.

பகடை20:
2024-இல் தடுக்கப்பட்ட மந்திரத்தின் ஸ்லாட் செலவாகாதே? அப்படியானால் ஃபயர்பாலுக்கும் திருப்பித் தடுக்கலாம் என்றுதானே ஆகிறது?

மாயக்கோல்:
நேரத்தைக் கவனியுங்கள். நீங்கள் குறுக்கிடும்போது அவன் இன்னும் கவுண்டர்ஸ்பெல்லைப் போட்டு முடிக்கவில்லை, உங்கள் ஃபயர்பாலும் தோற்கவில்லை. நீங்கள் ஜெயித்தால் ஃபயர்பால் வெடிக்கும், அதன் ஸ்லாட்டும் போகும்: ஒரே டர்னில் இரண்டு ஸ்லாட். அதனால் நான் அனுமதிக்கமாட்டேன். ஃபயர்பால் தடுக்கப்பட்டு முடிந்தபிறகு, அதே டர்னில் போனஸ் ஆக்‌ஷனில் ஸ்லாட் போட்டு மிஸ்டி ஸ்டெப் போடுவது மட்டும் சரி.

விதிப்புத்தகம்:
கடைசி வரி எனக்கும் சம்மதம், ஆனால் ஆட்டத்தை நடத்தும் டிஎம்மிடம் முன்பே பேசிவைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வியில் உள்ள நிலைமைக்கு எளிய வழியே உண்டு. கவுண்டர்ஸ்பெல்லின் எல்லை 60 அடி, போடுபவரைக் கண்ணால் பார்க்கவும் வேண்டும். முதலில் எதிர்த்திசையில் நேராக 25 அடி நடங்கள், தூரம் 65 ஆகிவிடும். பிறகு மிஸ்டி ஸ்டெப். தூண் இருந்தால் அதன் பின்னால் போனாலும் போதும். ஓரிடத்தில் ஒலியே எழாதபடி செய்யும் சைலன்ஸ் மந்திரத்தை மட்டும் நம்பாதீர்கள்: கவுண்டர்ஸ்பெல்லுக்குக் கையசைவு போதும், அதற்குள் நின்றபடியே அவன் போடுவான். மிஸ்டி ஸ்டெப்புக்கோ வாய்விட்டுச் சொல்லியாகவேண்டும், அதற்குள் சிக்கினால் முடங்குவது உங்கள் விசார்ட்தான்.