லண்டன் – நியூயார்க்: பறக்கும் நேரக் கணக்கில் உதவி தேவை

வணக்கம். ஜனவரியில் அம்மா முதன்முறையாகத் தனியாக லண்டனிலிருந்து நியூயார்க் போகிறார். மருந்து வேளைகளைக் குறித்துக் கொடுக்கவேண்டும். அதற்குப் பறக்கும் நேரம் தெரிந்தாகவேண்டும்.

இடைத்தூரம் ஏறத்தாழ 5,550 கிலோமீட்டர். மணிக்கு 900 கிலோமீட்டர் என்று வகுத்தால் ஆறு மணி நேரத்துக்குச் சற்றே அதிகம் வருகிறது. கால அட்டவணையிலோ போக ஏறக்குறைய எட்டு மணி, திரும்ப ஏழு! மேற்கிலிருந்து வீசும் ஜெட் காற்று போகும்போது எதிர்க்கிறது, வரும்போது தள்ளுகிறது, அதுவரை புரிகிறது. குளிர்காலத்தில் அது இன்னும் வலுவாக வீசுமே, அதுதான் கவலை.

ஓடுபாதைக்கு ஊர்ந்து செல்வதற்கும் ஏறி இறங்குவதற்கும் எவ்வளவு நேரம் கூட்டவேண்டும்? இந்த வழியில் குளிர்காலத்தில் பறந்தவர்கள், உங்களுக்கு உண்மையில் எத்தனை மணி நேரம் ஆனது என்று தயவுசெய்து சொல்லுங்கள். மருந்து பற்றி மருத்துவரிடம் கேட்டுவிட்டேன். நேரக் கணக்கு மட்டும் போதும்.