சிறிய முதியோர் இல்லங்கள்: உங்கள் மனத்தை இன்னும் உறுத்துவது எது?

நடுமகள்:
எட்டுப் பேர் மட்டுமே இருக்கும் இல்லம். அம்மா அங்கே போய் ஏழு மாதம் ஆகியிருந்தது. மூன்று வாரமாக எதைக் கேட்டாலும் ஒரு சிரிப்பு, இல்லையென்றால் தலையாட்டல். மறதி முற்றிவிட்டது என்று அண்ணனிடம் அழுதேன். அன்று புதிதாக வேலைக்கு வந்திருந்த பெண், அம்மாவின் காதுக் கருவியைக் கழற்றி உள்ளங்கையில் பொத்திப் பார்த்தாள். வேலை செய்கிற கருவி அப்படிப் பொத்தினால் கீச்சிடும். இது கீச்சிடவில்லை. புதிய பேட்டரியின் மேலிருந்த ஆரஞ்சு ஒட்டுத்தாளை உரித்து, அதைக் கருவியில் போட்டு மாட்டிவிட்டாள். அம்மா திடுக்கிட்டு நிமிர்ந்தார். "ஏனடி, இத்தனை நாளாக எல்லோரும் வாயை மட்டும் அசைத்தீர்கள்?"

அந்தப் பேட்டரி ஒன்றிரண்டு வாரம்தான் தாங்கும். தினமும் காலையில் கருவியை மாட்டிவிட்டவர்களில் ஒருவர்கூடச் சோதிக்கவில்லை. நானும் மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன்.

இரவுப்பணி:
"ஒருவர்கூட" என்று எழுதியிருக்கிறீர்கள். நான் அப்படி ஓர் இல்லத்தில் ஆறு ஆண்டுகள் இரவு வேலை பார்த்தவள். ஒன்பது பேருக்கு நான் ஒருத்தி. படுக்கையோடு இருப்பவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைக்க வேண்டும். தவறினால் முதுகிலும் குதிகாலிலும் புண் வந்துவிடும். ஓர் இரவு அப்படி ஒரு பாட்டியைப் புரட்டிவிட்டு அடுத்த அறைக்குப் போனேன். அங்கிருந்த தாத்தா நனைந்த படுக்கையில் அசையாமல் கிடந்தார். தலைமாட்டில் அழைப்பு மணி கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது. ஏன் அடிக்கவில்லை என்று கேட்டேன். "அடித்தால் அந்த அம்மாவைப் பாதியில் விட்டுவிட்டு ஓடி வந்துவிடுவாயே, அம்மா" என்றார். கவனிக்காத பணியாளர்கள் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் இரவில் எத்தனை பேருக்கு எத்தனை ஆள் என்று சேர்க்கும்போதே கேட்ட குடும்பத்தை நான் பார்த்ததில்லை.

மூத்த மருமகன்:
என் அத்தைக்கும் இதே போலத்தான். திடீரென்று ஒருநாள் என்னைத் திருடன் என்றார். சிறுநீர்த் தொற்றுக்கு மருந்து கொடுத்த பிறகு சில நாளில் தெளிந்துவிட்டார். எனவே எல்லோருக்கும் சொல்கிறேன். மறதி நோய் பொதுவாக மெல்ல மெல்லத்தான் கூடும். ஓரிரு நாளில் ஆளே மாறிப்போனால் "வயதாகிவிட்டது" என்று விட்டுவிடாதீர்கள், அன்றைக்கே மருத்துவரிடம் காட்டுங்கள். தொற்று, நீர்ச்சத்துக் குறைவு, மலச்சிக்கல், புதிதாகச் சேர்த்த மாத்திரை, இவற்றில் எதுவும் காரணமாக இருக்கலாம். தூக்க மாத்திரையும் சில ஒவ்வாமை மாத்திரைகளும் முதியவர்களைக் குழப்பும். மாத்திரைப் பட்டியலை ஆறு மாதத்துக்கு ஒருமுறையாவது மருத்துவரிடம் காட்டி, எதை நிறுத்தலாம் என்று கேளுங்கள். படுக்கையிலிருந்து எழுந்தவுடன் நடக்க விடாதீர்கள்; ஓரத்தில் சற்று உட்காரட்டும், இரத்த அழுத்தம் இறங்கித் தலைசுற்றி விழுவது அப்போதுதான். செருப்பின் அடிப்பாகம் தேய்ந்திருக்கிறதா பாருங்கள். கண்ணாடி, பல்செட், காதுக் கருவி மூன்றையும் வாரம் ஒருமுறை நீங்களே கையில் எடுத்துப் பாருங்கள்.

நடுமகள்:
அம்மாவுக்குத் தொற்று எதுவும் இல்லை, ஐயா. காது கேட்கவில்லை, அவ்வளவுதான். இரவுப்பணி, உங்களைக் குறை சொல்லவில்லை. என் கோபம் பாதி என்மேல்தான்.

கடைக்குட்டி:
மருமகன் ஐயா சொன்ன அத்தனையும் என் அப்பா இருக்கும் இல்லத்தில் ஒழுங்காக நடக்கிறது. ஒரு குறையும் சொல்ல முடியாது. போன மாதம் மாலையில் சொல்லாமல் போயிருந்தேன். கதவு பாதி திறந்திருந்தது. அப்பா சுவரில் இருந்த ஸ்விட்சில் விரலை வைத்துக்கொண்டு, நடைவழியில் போன பணிப்பையனிடம் கேட்கிறார்: "தம்பி, விளக்கை அணைத்துக்கொள்ளலாமா?" வீட்டில் அவர் அணைத்தால்தான் நாங்கள் தூங்குவோம். "உங்கள் அறைதானே, ஐயா" என்று அந்தப் பையன் நல்லபடியாகத்தான் சொல்லிவிட்டுப் போனான். அப்பா விரலை எடுத்துவிட்டு, விளக்கை எரியவிட்டபடியே போய்ப் படுத்துக்கொண்டார்.