12345678987654321: எண்ணின் குணமா, எழுத்தின் குணமா?

சுழியம்
111111111-ஐ அதனாலேயே பெருக்கினால் 12345678987654321. பதினேழு இலக்கம், எந்தப் பக்கமிருந்து வாசித்தாலும் அதே எண். வகுத்திகள் மொத்தம் 45. இலக்கங்களைக் கூட்டினால் 81, அதுவும் ஒரு வர்க்கம்! இதைவிட அழகான எண் இருந்தால் காட்டுங்கள்.

அரைக்கணக்கு
45 வகுத்திகள் எண்ணின் குணம், ஒத்துக்கொள்கிறேன். முன்னும் பின்னும் ஒன்றாக இருப்பது நமக்குப் பத்து விரல் இருப்பதால் வந்தது. 121-ஐ இருமத்தில், அதாவது 0, 1 மட்டும் கொண்டு, எழுதுங்கள்: 1111001. விகடகவி போச்சு. 9-ஐ எழுதினால் 1001, எங்கிருந்தோ வந்துவிட்டது. எண் மாறவில்லை, சட்டைதான் மாறியது.

சுழியம்
சட்டை என்றே வைத்துக்கொள்வோம். முன்னும் பின்னும் ஒன்றாக வாசிக்கும் எண்ணை இருவழி எண் என்போம். இலக்கங்களின் எண்ணிக்கை இரட்டைப்படையாக உள்ள இருவழி எண் எதுவானாலும் 11-ஆல் வகுபடும். 7337 = 11 × 667. அதனால் அந்த வகையில் 11-ஐத் தவிர வேறு பகா எண்ணே கிடையாது. வெறும் சட்டை இவ்வளவு சொல்லுமா?

அரைக்கணக்கு
11 என்பது 10 + 1. பத்துக்குப் பதில் எட்டை அடியாகக் கொண்டு எழுதும் எட்டடிமானத்துக்குப் போனால் அதே விதி 9-ஐப் பற்றியதாகிவிடும். எந்த இயல் எண்ணையும் அதிகபட்சம் மூன்று இருவழி எண்களின் கூடுதலாக எழுதலாம் என்று நிறுவியிருக்கிறார்கள். ஆனால் இருமத்தில் நான்கு வரை தேவைப்படும்.

அப்புறம், உங்கள் அழகு ஒன்பது 1-களோடு நின்றுவிடுகிறது. பத்து 1-களை வர்க்கப்படுத்துங்கள்: 1234567900987654321. நடுவில் பாருங்கள், உடைந்து கிடக்கிறது.

கெழு
இடையில் வருவதற்கு மன்னிக்கவும். 10-ஐ எடுத்துவிட்டு x போட்டுப் பாருங்கள். 1 + x + x² + … + x⁸ என்பதன் வர்க்கத்தில் கெழுக்கள் 1, 2, 3 என்று 9 வரை ஏறி, அதே வரிசையில் இறங்கும். அடிமானம் எது என்று கேட்பதற்கு முன்பே சமச்சீர் இருக்கிறது. மிகப் பெரிய கெழு 9 என்பதால் பத்திலும் அதற்கு மேற்பட்ட எந்த அடிமானத்திலும் மிச்சம் பக்கத்து இடத்துக்குத் தாவாது. பத்து 1-கள் என்றால் நடுக்கெழு 10, தாவிவிடுகிறது, உடைகிறது. 11 விதிக்கும் மந்திரம் ஒன்றுமில்லை, இரட்டைப்படை இலக்கமுள்ள இருவழி எண்ணையும் இப்படி x-இல் எழுதி, x-க்கு −1 போட்டால் அந்தக் கோவை பூச்சியமாகிறது, அதாவது x + 1 அதன் காரணி, அவ்வளவுதான்.

அரைக்கணக்கு
பதினாறடிமானத்தில் அதே பதினேழு இலக்கத்தை எழுதினால் அது வேறு எண்ணாயிற்றே! அப்படியானால் சமச்சீர் கோவையின் சொத்து. நான் சொன்னதும் அதுதான்.

சுழியம்
சரி, அந்தக் கோவையையே காரணிப்படுத்துவோம். ஒன்பது 1-கள் = (x² + x + 1)(x⁶ + x³ + 1). x = 10 என்றால் 111 × 1001001. முதலாவது 3 × 37, இரண்டாவது 3 × 333667. வர்க்கப்படுத்தினால் 3-இன் நான்காம் அடுக்கு, 37-இன் வர்க்கம், 333667-இன் வர்க்கம். நீங்கள் முதலிலேயே ஒத்துக்கொண்ட அந்த 45 இங்கிருந்துதான் வருகிறது: 5 × 3 × 3.

அரைக்கணக்கு
1001001-ஐ 3-ஆல் கையாலேயே வகுத்துப் பார்த்தேன், வருகிறது. அந்த 333667-உம் இருவழி எண்ணாக இருந்திருந்தால் வாயை மூடியிருப்பேன்.