தினமும் போனில் புலம்பும் தோழி, குடிப்பதை ஒப்புக்கொண்டாள். நான் என்ன செய்ய?

சிவப்பு மை:

நானும் அவளும் ஒரே ஆண்டில் ஆசிரியர் வேலைக்கு வந்தவர்கள், பள்ளி மட்டும் வேறு. பன்னிரண்டு வருடமாக இரவு எட்டரைக்குப் போன். பேசுவது என்றால் புலம்புவதுதான். பீரியடில் பாதி 'உட்காரு, பேசாதே' என்பதிலேயே போய்விடுவது, பாடம் நடத்த விடாமல் படிவம் படிவமாக நிரப்பச் சொல்வது, தேர்ச்சி குறைந்தால் மட்டும் கூப்பிட்டு நிற்க வைத்துக் கேட்பது. ஒருத்தி கொட்டுவாள், மற்றவள் 'ம்' கொட்டுவாள். கடைசியில் ஏதாவது ஒரு பையன் எழுதிய கோமாளி விடையைச் சொல்லிச் சிரித்துவிட்டு வைத்துவிடுவோம்.

போன வாரம் 'ஒண்ணு சொல்லணும்டி, நடுவுல பேசாதே' என்றாள். மூன்று வருடமாகக் குடிக்கிறாளாம். முதலில் சனிக்கிழமை மட்டும், அப்புறம் விடைத்தாள் கட்டு வீட்டுக்கு வரும் நாட்களில், இப்போது தினமும். நான் கூப்பிடும்போதுதான் முதல் கிளாஸ் ஊற்றுவாளாம். காலையில் கை நடுங்குகிறது என்பதால் கரும்பலகையில் எழுதுவதையே விட்டுவிட்டு மாணவர்களை எழுதச் சொல்கிறாள். பிள்ளைகளுக்கு வாய்ப்புக் கொடுக்கிறேன் என்று அவள் சொன்னபோது நான் பாராட்டினேன், அதை நினைத்தால்தான் வயிற்றைப் பிசைகிறது.

ஞாயிற்றுக்கிழமையிலிருந்து ஒரு சொட்டு தொட மாட்டேன் என்று சத்தியம் செய்திருக்கிறாள். அதை நம்பி விட்டுவிடலாமா? இந்த எட்டரை மணிப் போனை நிறுத்திவிட வேண்டுமா? இன்னும் வீட்டில் யாருக்கும் தெரியாது.

மணி அடிச்சாச்சு:

முதல் வேலை, அந்த ஞாயிற்றுக்கிழமைச் சத்தியத்தைத் தள்ளிப்போடச் சொல்லுங்கள். விளையாட்டாகச் சொல்லவில்லை. காலையில் கை நடுங்குகிறது என்றால் உடம்பு அதற்குப் பழகிவிட்டது. அப்படிப்பட்டவர் சட்டென்று நிறுத்தினால், கடைசியாகக் குடித்த 6 மணி நேரத்திலிருந்து 48 மணி நேரத்துக்குள் வலிப்பு வரலாம். சிலருக்கு இரண்டு மூன்று நாளில் ஆள் தெரியாமல் போய், இல்லாதது எல்லாம் கண்ணுக்குத் தெரியும், உயிருக்கே ஆபத்தான நிலை அது. நான் பெரிய வீராப்போடு நிறுத்தி மூன்றாம் நாள் சுவரில் பூச்சி ஓடுவதைப் பார்த்தவன். டாக்டரிடம் போனால் சில நாட்களுக்கு மாத்திரை கொடுத்து, மெல்லக் குறைத்து, பி1 வைட்டமினும் கொடுத்துப் பார்த்துக்கொள்வார்கள். அதுவரை தானாக நிறுத்தவும் வேண்டாம், கூட்டவும் வேண்டாம்.

இன்னொன்று. குடித்தால் தூக்கம் வரும் என்று எல்லோரும் நினைக்கிறோம். படுத்தவுடன் வரும், ஆனால் இரவின் பின்பாதி கெட்டுப்போகும். விடியும்போது போதை இறங்க இறங்க ஒரு படபடப்பு வரும். அதைத்தான் நான் பல வருடம் 'பள்ளிக்கூடம் போகப் பிடிக்கவில்லை' என்று நினைத்துக்கொண்டிருந்தேன். முதல் பீரியடில் பிள்ளைகள் மேல் எரிந்து விழுவேன், மாலையில் 'என்ன வகுப்புடா இது' என்று மறுபடி ஊற்றுவேன். நிறுத்திய பிறகும் அந்த வகுப்பு அப்படியேதான் இருந்தது, பாதிக் கோபம்தான் காணாமல் போனது. பத்து வருடம் ஆகிறது.

நல்லதே நடக்கும்:

இதற்கு இவ்வளவு தேவையில்லை சகோதரி. அவருக்கே தெரியாமல் சாப்பாட்டில் கலந்து கொடுக்க மருந்து இருக்கிறது. தெரிந்தவர் வீட்டில் கொடுத்தார்கள், ஆள் பாட்டிலைப் பார்த்தாலே ஓடுகிறார்.

இரவுப் பணி:

தயவுசெய்து மேலே சொன்னதைச் செய்யாதீர்கள். நான் செவிலியர். இப்படிக் கலந்து கொடுப்பது பெரும்பாலும் டைசல்ஃபிராம். மது உடைந்து வெளியேறும் வழியை நடுவில் அடைத்துவிடும். அதன்மேல் குடித்தால் முகம் சிவந்து, வாந்தி, படபடப்பு, சிலருக்கு ரத்த அழுத்தம் அடியோடு விழும். தெரிந்து சாப்பிடுபவர் குடிக்காமல் இருப்பார், தெரியாதவர் வழக்கம்போல ஊற்றுவார். அந்த மாத்திரையை நோயாளியின் சம்மதத்தோடு டாக்டர்தான் கொடுக்க வேண்டும். அதுவும் போக, பன்னிரண்டு வருட சிநேகிதி வாயைத் திறந்து உண்மையைச் சொன்ன பிறகு அவள் முதுகுக்குப் பின்னால் இதைச் செய்தால் இனி ஜென்மத்துக்கும் சொல்ல மாட்டாள்.

எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்று தெரிய உலக சுகாதார நிறுவனத்தின் ஆடிட் என்ற பத்துக் கேள்விப் படிவம் இருக்கிறது. மொத்தம் 40. எட்டு வந்தாலே கவனிக்க வேண்டும், 20 தாண்டினால் பெரும்பாலும் அடிமைநிலைதான். அவளே போட்டுப் பார்க்கட்டும், நீங்கள் திருத்த உட்காராதீர்கள்.

கடைசி பெஞ்ச்:

போனை நிறுத்தாதீர்கள், நேரத்தை மாற்றுங்கள். எட்டரை மணி, நாற்காலி, உங்கள் குரல், கிளாஸ், எல்லாம் சேர்ந்து ஒரே பழக்கமாகிவிட்டது. பள்ளி விட்டு நடந்து வரும்போது பேசுங்கள். 'இன்னிக்குக் குடிச்சியா' என்று தினமும் வருகைப் பதிவு எடுக்காதீர்கள், பொய் சொல்லத்தான் பழகுவாள். வீட்டில் சொல்வது அவள் வேலை. அவள் சொல்லும்போது பக்கத்தில் உட்காருங்கள், போதும்.

பள்ளியை மாற்றிக்கொண்டால் சரியாகிவிடும் என்று அவள் சொல்லக்கூடும். நான் மாறினேன். நல்ல தலைமை ஆசிரியர், சின்ன வகுப்பு, பாட்டிலும் கூடவே வந்துவிட்டது. எனக்கு உதவியது ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் கூட்டம். 1935இல் ஒரு பங்குத் தரகரும் ஒரு அறுவைசிகிச்சை மருத்துவரும், இருவருமே குடியர்கள், தங்களுக்குள் பேசிக்கொண்டதில் ஆரம்பித்தது. கடவுள் பேச்சு கொஞ்சம் அதிகம், எனக்கு ஒத்துவரவில்லை, ஆனாலும் போனேன். அங்கே யாரும் என்னைப் பார்த்து அதிர்ச்சி அடையவில்லை என்பதே பெரிய விஷயமாக இருந்தது.

சிவப்பு மை:

எல்லோருக்கும் நன்றி. சத்தியத்தை வாபஸ் வாங்கு என்று சொன்னதும் அவளுக்கு முதலில் கோபம், வலிப்பு என்றதும் அமைதியாகிவிட்டாள். படிவம் போட்டாளாம், 23. நல்ல மார்க் என்று அவளே சொல்லிச் சிரித்தாள், எனக்குச் சிரிக்க வரவில்லை.

வியாழக்கிழமை டாக்டர், நானும் கூடப் போகிறேன். கணவரிடம் நேற்று சொல்லிவிட்டாள், அவருக்குப் பாதி தெரிந்தே இருந்ததாம். போன் இப்போது நாலரைக்கு. பின்னால் பஸ் ஹாரன் சத்தத்தில் பாதி கேட்பதில்லை, ஆனாலும் புலம்பல் பழையபடிதான்.

ஒரு வாரம் விடுப்பு எடுக்கச் சொல்லியிருக்கிறேன். கடிதத்தில் என்ன காரணம் எழுதுவது என்றுதான் இருவரும் மண்டையை உடைத்துக்கொண்டிருக்கிறோம். 'வயிற்றுவலி' என்று எழுதி வரும் பிள்ளைகளை எத்தனை முறை முறைத்திருப்போம்.

இரவுப் பணி:

'உடல்நலக் குறைவு, சிகிச்சையில் இருக்கிறேன்'. பொய்யே இல்லை, டாக்டரின் சான்றிதழும் அப்படியே எழுதச் சொல்லிக் கேட்கலாம்.