பழைய கார் வாங்கினேன். வண்டி ஏறவில்லை, ஜாக்கிதான் உள்ளே ஏறுகிறது. என்ன செய்வது?

கேள்வி – ராமநாதபுரத்திலிருந்து

வணக்கம். மூன்று வாரத்துக்கு முன்னால் 2014 மாடல் டீசல் கார் ஒன்று வாங்கினேன். டிஎன் 65 நம்பர், ராமேஸ்வரம் பக்கம் ஓடிய வண்டி. புரோக்கர் மூலம் 2,65,000 ரூபாய்க்கு முடிந்தது. இன்ஜின், ஏசி, டயர் எல்லாம் பார்த்தேன். தெரிந்த மெக்கானிக்கும் ஓட்டிப் பார்த்துவிட்டு நல்லா இருக்கு என்றார். கீழே குனிந்துகூடப் பார்த்தேன். கறுப்பு அடித்துப் புதுசு மாதிரி இருந்தது. "போன மாசம்தான் ஆன்டி ரஸ்ட் கோட்டிங் அடிச்சாங்க சார்" என்றார் புரோக்கர். அதற்காகவே பேரத்தில் 5,000 விட்டுக்கொடுத்தேன் என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது.

நேற்று உச்சிப்புளி தாண்டியதும் பஞ்சர். ஜாக்கியை அதற்கென்று குறி போட்டிருக்கும் இடத்தில்தான் வைத்தேன். நாலு சுற்று சுற்றியதும் கருக்கென்று ஒரு சத்தம். கறுப்புத் தோல் கிழிந்து, கதவுகளுக்கு அடியில் நீளமாக ஓடும் ரன்னிங் போர்டின் அடிப்பக்கம் உள்வாங்கிவிட்டது. ஒரு பிடி செந்தூள் கொட்டியது, கூடவே மணல். விரலை விட்டுப் பார்த்தேன், முழு விரலும் போனது. வீட்டுக்கு வந்து டிரைவர் பக்கத்து மேட்டைத் தூக்கினால் அடியில் ஈரம்.

இப்படியே ஓட்டலாமா? சரி பண்ண முடியுமா, இல்லை திருப்பிக் கொடுக்க வழி இருக்கிறதா?

பதில் – தொண்டி

எல்லாருக்கும் நடப்பதுதான் மாப்ள. அந்த ஓட்டையில் பட்டி போட்டு, மேலே இன்னொரு கோட்டிங் அடித்து, மதுரையில் எக்ஸ்சேஞ்சுக்குத் தள்ளிவிடு. இன்ஜின் நல்லா இருக்கில்ல?

பதில் – மண்டபம், டிங்கரிங் பட்டறை

மேலே சொன்னதைக் கேட்காதீர்கள் தம்பி. அப்படி ஒருத்தர் தள்ளிவிட்டதைத்தான் நீங்கள் வாங்கியிருக்கிறீர்கள்.

முதலில் வண்டியை நிறுத்துங்கள். எவ்வளவு துரு என்பதைவிட எங்கே துரு என்பதுதான் முக்கியம். சைலன்சர், பம்பர் பிராக்கெட் பழுப்பாக இருந்தால் எங்கள் ஊரில் அதைத் துரு என்றே சொல்ல மாட்டோம். ரன்னிங் போர்டு வேறு கதை. தனிச் சேசிஸ் இல்லாத இந்த மாதிரிக் கார்களில் பாடியின் பலமே அதில்தான் இருக்கிறது. பக்கவாட்டில் இடி வாங்கினால் தாங்க வேண்டியதும் அதுதான்.

லிஃப்டில் ஏற்றச் சொல்லி இவற்றைப் பாருங்கள்: சீட் போல்ட் இறங்கும் இடம், சீட் பெல்ட் மாட்டியிருக்கும் இடம், பின் ஆக்சில் பாடியோடு சேரும் இடம், முன்னால் ஷாக் அப்சார்பர் தலை, பிரேக் பைப், டீசல் பைப். ஸ்க்ரூ டிரைவர் பிடியால் தட்டிக்கொண்டே போகணும். நல்ல தகடு டங்கென்று கேட்கும், செத்த தகடு தப்பென்று கேட்கும். சந்தேகம் வந்த இடத்தில் கறுப்பைச் சுரண்டுங்கள். துருவின் மேலேயே அடித்த கோட்டிங் தோசை மாதிரி முழுசாகக் கழன்று வரும், அடியில் செதில் செதிலாக இருக்கும். வெளியே ஈரம் படாமல் இருக்கத்தான் கோட்டிங். ஆனால் உள்ளே ஏற்கெனவே உப்பும் ஈரமும் இருந்தால் அதே கோட்டிங் அவற்றை மூடிவைத்துக் காப்பாற்றும்.

இங்கே ஏன் இவ்வளவு சீக்கிரம் என்றால், மழையே வேண்டாம். காற்றில் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் படிந்த உப்பு தானே தண்ணீரை இழுத்துக் கரைய ஆரம்பிக்கும். கடலோரத்தில் அநேகமாக ராத்திரிக்கு ராத்திரி இதுதான் நடக்கிறது. தென்மேற்கிலிருந்து கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் மணலும் உப்பும் சேர்ந்து வந்து ரன்னிங் போர்டின் தண்ணீர் வடியும் துளைகளை அடைக்கும். அப்புறம் துரு உள்ளிருந்து வெளியே வரும். காரைக்குடி சிக்ரி (மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம்) ஆராய்ச்சிக்காரர்கள் உலோகத் தகடுகளைக் காற்றில் வைத்துத் துருப்பிடிப்பதைப் பார்க்க எங்கள் மண்டபத்தைத் தேடி வந்தார்கள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று, டிக்கி மேட்டைத் தூக்கி ஸ்டெப்னி பள்ளத்தை மோந்து பாருங்கள். மீன் வாடை அடித்தால் ஐஸ் பெட்டி ஏற்றிய வண்டி.

கேட்டவர்

லிஃப்டில் ஏற்றினோம் அண்ணே. ஆக்சில் சேரும் இடமும் ஷாக் தலையும் டங்கென்றுதான் கேட்கிறது. சீட் போல்ட் இடமும் பரவாயில்லை. இடது ரன்னிங் போர்டில் மேல் துரு மட்டும். வலதில் முன் ஜாக்கி இடத்திலிருந்து ஒன்றரை அடிக்குத் தகடே இல்லை, கோட்டிங்தான் இருக்கிறது. பிரேக் பைப் ஒன்று பொரிந்திருக்கிறது. ஸ்டெப்னி பள்ளத்தில் ஊதுபத்தி வாசமும் மீன் வாடையும் சேர்ந்து வருகிறது.

பதில் – கீழக்கரை

தம்பி, வெட்டி ஒட்டுவதற்கு முன்னால் எல்லாவற்றையும் வீடியோ எடுங்கள். கோட்டிங்கைச் சுரண்டும்போது அடியில் செதில் வருவது தெரியணும். புரோக்கரோடு பேசிய வாட்ஸ்அப்பை அழிக்காதீர்கள்.

விற்றவர் கார் வியாபாரி என்றால் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019 இருக்கிறது, இரண்டு வருடத்துக்குள் மாவட்ட ஆணையத்தில் மனு போடலாம். சொந்தக் காரை விற்ற தனி ஆள் என்றால் அங்கே நிற்காது, சிவில் கோர்ட்தான். இந்திய ஒப்பந்தச் சட்டம் 1872, பிரிவு 17-இல், தெரிந்தே ஒன்றை மறைத்து ஏமாற்றுவதும் மோசடிதான் என்று இருக்கிறது. ஆனால் துரு இருப்பது அவருக்குத் தெரியும் என்று நீங்கள் காட்டணும். அதனால் முதலில் பேசிப் பாருங்கள். தொண்டிக்காரர் யோசனைப்படி நடந்தால் அதே பிரிவு உங்களைத் தேடி வரும். இன்சூரன்ஸை எதிர்பார்க்காதீர்கள், துருவைத் தேய்மானம் என்று ஒதுக்கிவிடுவார்கள்.

பதில் – மண்டபம், டிங்கரிங் பட்டறை

அப்படியானால் வண்டி பிழைக்கும். பிரேக் பைப்பை முதலில் மாற்றுங்கள், அதில் யோசனையே வேண்டாம். ரன்னிங் போர்டில் நல்ல தகடு வரும்வரை வெட்டணும். அதே கனத் தகட்டை சிஓ2 வெல்டிங்கில் வைக்கச் சொல்லுங்கள். ராடு வெல்டிங் மெல்லிய தகட்டைத் தின்றுவிடும். பேட்டரி ஒயரைக் கழற்றி, சீட்டையும் மேட்டையும் எடுத்த பிறகுதான் நெருப்பு. மேல் துரு உள்ள இடங்களைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, மிச்சத் துருவை அடக்கும் ரஸ்ட் கன்வெர்ட்டர், அப்புறம் எபாக்ஸி பிரைமர். கடைசியாக ரன்னிங் போர்டுக்குள்ளே கேவிட்டி வாக்ஸ், அதாவது உள்ளே ஈரம் பிடிக்காமல் இருக்க அடிக்கும் மெழுகு. இதைப் பாதிப் பட்டறைகள் செய்வதில்லை, கேட்டு வாங்குங்கள். வடியும் துளைகளை மூடிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

வாட்டர் சர்வீஸ் விடும்போது எந்தத் தண்ணீர் என்று கேளுங்கள். நம்ம பக்கம் நிறைய இடங்களில் போர் தண்ணியே உப்பு. உப்பைக் கழுவ உப்புத் தண்ணியா?

கேட்டவர், 12 நாள் கழித்து

வீடியோவைக் காட்டியதும் புரோக்கர் இரண்டு நாள் போனே எடுக்கவில்லை. கீழக்கரை காக்கா (அவர்கள் பக்கம் அண்ணனை அப்படித்தான் கூப்பிடுவார்கள்) சொன்ன சட்டப் பிரிவை அப்படியே அனுப்பினேன். விற்றவரே கூப்பிட்டார், 20,000 தருகிறேன் என்று ஆரம்பித்து 35,000-க்கு வந்தார். வாங்கிக்கொண்டேன். பிரேக் பைப்பும் சேர்த்து வேலை 28,000-இல் முடிந்தது.

ரன்னிங் போர்டை வெட்டியதும் உள்ளே இருந்த மணலை டிங்கர் ஒரு டீ டம்ளரில் அள்ளிக் காட்டினார். முக்கால் டம்ளர், நடுவில் ஒரு சிப்பி. பஞ்சரான டயர் இன்னும் டிக்கியில்தான் கிடக்கிறது, இன்றைக்குத்தான் ஒட்டக் கொண்டுபோகணும்.